அந்த ஸ்வரம் புத்தகத்தில் இல்லை

பார்மா, 1984 டிசம்பர் 2, ஞாயிறு

அன்புள்ள டெல்ஃபினா,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று ஆகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை லிசாந்த்ரோவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பதாக அம்மாவுக்கு வந்த அட்டையில் படித்தேன். பூமியின் அந்தப் பாதியில், ரொசாரியோவில், இப்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், குழந்தையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் இந்த வீட்டில் இன்றைக்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன், ஒற்றை ஆளுக்கு எல்லோரும் என்று எழுதக் கை வரவில்லை. அம்மா எங்கே போனாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன், பயப்படாதே, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், முழங்கால் வலி மட்டும் பழையபடி. மூடுபனி பதினைந்து நாளாக விடவில்லை, எதிர் வீட்டு ஜன்னல் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் புதுத் தலைமை ஆசிரியர் லத்தீன் வகுப்பைச் சனிக்கிழமை கடைசிப் பாடவேளைக்குத் தள்ளிவிட்டார், பையன்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். நானும் அதையே பார்த்துக்கொண்டு நடத்துகிறேன்.

உன் மாமா விஷயம் அம்மா எழுதியிருந்தாள். அக்டோபர் மாதம் மருந்துக்கடைக்காரர் வீட்டில் தொட்டிக்குக் கீழே படுத்துக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. காது மட்டும் பழைய காதுதான், பக்கத்து அறையில் ஸ்பூன் விழுந்தால் திரும்பிப் பார்க்கிறான். ஆற்றுக்கு அந்தப் புறம் அவன் வீட்டிலேயே கிடத்தியிருக்கிறோம். பிப்ரவரியில் வரும் கார்னிவல் வரைக்கும் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எர்மெஸ் மாமாவுக்கு ஒரு தடவை போன் பண்ணு என்று அம்மா உனக்கு எழுதினாள், அதற்கு நீ எழுதிய பதிலை அவள் சமையலறையில் நின்றபடி மூன்று தடவை வாசித்தாள். 'அந்த மனுஷன் பேரை இனிமே எனக்கு எழுதாதீங்கம்மா' என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டு அதை மாவு டப்பாவுக்குள் வைத்து மூடினாள். அதே அட்டையின் அடியில், எப்போதும் எழுதுவதுபோல, அப்பாவுக்கு ஒரு முத்தம் என்றும் எழுதியிருந்தாய். ஒன்பது வருடமாக ஒவ்வொரு அட்டையிலும் அந்த வரி வருகிறது. அது எனக்குச் சேர வேண்டியது இல்லை என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

மாமாமேல் எனக்கு இருக்கும் கோபத்தில் ஒன்றும் பொய்யில்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் திடீரென்று நல்லவனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாய். நான் எதையும் மறக்கிறவன் இல்லை. ஓபரா அரங்கத்து மேல்மாடிக் கேலரி ரசிகர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வைத்தபோது நாலு ஓட்டில் என்னைத் தோற்கடித்தான், ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன், ஓபரா எழுதியவர்களின் பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதவன். உனக்கு ஐந்து வயதில் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தொண்ணூற்று மூன்று படி ஏறிக் கேலரிக்கு உன்னைக் கொண்டுபோனவன் அவன்தான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உனக்குக் குரல் இருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் என்னிடம் சொன்னான். நீ கன்சர்வேட்டரி இசைப்பள்ளியில் தேறி வெளியே வந்த நாளன்று பூங்கொத்தோடு நின்ற என்னைத் தாண்டிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். இதெல்லாம் என்னிடம் தேதி வாரியாக இருக்கிறது. ஆனால் அவன் செய்தான் என்று நீ நம்பிக்கொண்டிருக்கும் காரியத்தை மட்டும் அவன் செய்யவில்லை.

நான் புதியவர்களுக்கு வகுப்பு எடுத்தது உனக்கு நினைவிருக்கும். ஓபரா சீசன் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், புனித ஸ்தேவான் திருநாளன்று தொடங்கும், அதற்கு முன்னால் ஆறு வியாழக்கிழமை மாலை ஒயின் கடையின் பின்னறையில் நடக்கும், வாழ்நாளில் ஓபரா கேட்டிராதவர்கள் வருவார்கள். நீ இங்கே பாடிய அந்தக் குளிர்காலம் பதினெட்டுப் பேர். பஸ் ஓட்டுகிறவர், தபால்காரர், தெற்கிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு அண்ணன் தம்பிகள், பன்றித் தொடைக்கு உப்புத் தேய்க்கும் தொழிற்சாலையிலிருந்து ஸெலிந்தா என்று ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும், உப்பில் வெடித்த கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நான் இருமினால்கூட நோட்டில் எழுதிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாக என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முதல் வியாழக்கிழமை பாடம் எப்போதும் கையும் உதடும்தான், எங்கே தட்டலாம், எங்கே மூச்சுகூட விடக்கூடாது, சீட்டி எதற்கு. தெற்கிலிருந்து வந்த பையன்கள் குஷி வந்தால் சீட்டியடிக்கிறவர்கள், இந்த ஊர்க் கேலரியில் சீட்டி என்பது பாடுகிறவர் முகத்தில் துப்புவது மாதிரி என்று முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் வியாழக்கிழமை அந்த விடைபெறும் பாட்டு, அந்த சீசனில் போட இருந்த ஓபராவின் இரண்டாம் அங்கத்துக் கடைசிப் பாட்டு, புருஷனைத் தேடிக் கிளம்பும் பெண் தன் ஊரைப் பார்த்துப் பாடுவது. கடைசி அடியில் குரல் மேலே ஏறி உச்சியில் நிற்கும், அதுதான் பாடகிக்குப் பரீட்சை, அங்கே ஏறாதவள் உங்களை ஏமாற்றுகிறாள், ஏமாற்றுகிறவளுக்கு என்ன கொடுக்க வேண்டுமோ அதைக் கொடுங்கள் என்று சொன்னேன். ஸெலிந்தா அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.

அப்போது உன் மாமா பின்னால் கதவோரம் வேலைச் சட்டையோடு நின்றிருந்தான். 'வாத்தியாரே, அந்த ஸ்வரம் புத்தகத்துலயே இல்லப்பா' என்றான். 'எழுதின மனுஷன் கீழ இறக்கித்தான் முடிச்சிருக்காரு. மேல ஏத்தினதெல்லாம் பாட வந்த மகராசிங்க வேலை.' எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். 'கன்சர்வேட்டரி நூலகத்துல. கக்கூஸ் குழாய் அடைச்சிக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க. வேலை முடிஞ்சதும் அந்தம்மாவை அந்தப் பழைய பிரதியை எடுத்துக் காட்டச் சொன்னேன். பேண்டுல கொம்பு ஊதினவன்பா நான், ஏறுதா இறங்குதான்னு பார்க்கத் தெரியும்.' இனிமேல் கக்கூஸ் வழியாகப் போகிறவர்கள்தான் நமக்கு இசை சொல்லித்தருவார்கள் போலிருக்கிறது என்றேன், பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். 'சிரிங்க சிரிங்க. அந்த ஸ்வரத்துக்காகப் பதினஞ்சு வருஷம் கத்தினவன் நானு. இப்ப இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு, இல்லாததை இல்லைன்னுதானே சொல்லணும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் மனம் மாறிய கதை உனக்குத் தெரியாது, நீ அப்போது மிலானில் இருந்தாய். உனக்குத் தெரிந்த மாமா உச்ச ஸ்வரம் பிடிக்காத பாடகிகளை ரயில் நிலையம் வரைக்கும் விரட்டிய மாமா. அடுத்த திங்கட்கிழமை நான் தனியாக நூலகத்துக்குப் போய் அந்தப் பிரதியைப் பார்த்தேன். குரல் இறங்கித்தான் முடிகிறது. மிச்சம் நாலு வியாழக்கிழமை இருந்தது, ஒன்றிலும் நான் அதைச் சொல்லவில்லை.

பிறகு ஜனவரி. பெரிய பாடகிக்குச் சளி பிடித்து, பதில் ஆளாக வைத்திருந்த உன்னை ஞாயிறு பகல் ஆட்டத்துக்குப் பாடச் சொன்னார்கள். அன்று காலை அம்மா பூசைக்குப் போயிருந்தாள். நீ சமையலறையில் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாய். இசை நடத்துநர் புத்தகத்தில் இருப்பதற்கு மேல் ஒரு இம்மி விடமாட்டேன் என்கிறார், கடைசி அடியை இறக்கித்தான் பாட வேண்டும் என்றாய். அப்புறம் சொன்னாய், எனக்கு அந்தச் சொற்கள் அப்படியே இருக்கின்றன, 'அப்பா, பழைய ஆளுங்க எப்படியாவது புரிஞ்சுக்குவாங்க. உங்க புது ஆளுங்களை நினைச்சாத்தான் பயமா இருக்கு. ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நான் ஏமாத்தலைன்னு.' சரி என்றேன். நீ என் கையைப் பிடித்து உன் தொண்டையில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டாய், சின்ன வயதில் செய்வாயே, அந்த மாதிரி.

கேலரிக்கு இடம் பிடிக்க ஒரு மணிக்கே படிக்கட்டில் வரிசை நின்றது. என்னுடைய பதினெட்டுப் பேரும் கம்பிக்குப் பக்கத்து முதல் வரிசையைப் பிடிக்க வேண்டும் என்று முன்னால் நின்றார்கள், ஸெலிந்தா எல்லோருக்கும் ரொட்டி கொண்டுவந்திருந்தாள். அவர்களோடு இரண்டரை மணி நேரம் நின்றேன் டெல்ஃபினா. சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஸ்வரம் புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதான். நாலைந்து படிக்குக் கீழே உன் மாமா தன் ஆட்களோடு நின்றிருந்தான், நான் வாயைத் திறந்தால் அவன் காதில் விழும். குழாய்க்காரன் சொன்னது சரி, வாத்தியார் சொன்னது தப்பு என்று பதினெட்டுப் பேர் முன்னால் ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் அடுத்த படியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு உள்ளே உட்கார்ந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். உள்ளே உட்கார்ந்ததும் விளக்கு அணைந்துவிட்டது.

நீ அன்று எப்படிப் பாடினாய் என்று நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டாம் அங்கத்தின் முடிவில் நீ மேடை நடுவில் தனியாக நின்று அந்தக் கடைசி அடியை இறக்கினாய், குரல் மெலிந்து மெலிந்து, வீட்டுக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வெளியே போகிறவள் மாதிரி. ஊரை விட்டுப் போகிற பெண் உச்சியில் நின்று கத்தமாட்டாள், இப்படித்தான் போவாள். நூறு வருடமாக நாங்கள் தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று எனக்கு அந்த இடத்தில் தெரிந்தது. நான் கேட்டதிலேயே அதுதான் சரியான பாட்டு. அந்த நினைப்பு எனக்கு வந்து முடிவதற்குள் என் இடது பக்கத்திலிருந்து சீட்டி கிளம்பியது. ஸெலிந்தா. இரண்டு விரலை வாயில் வைத்துத் தன் பலம் முழுவதும் சேர்த்து அடித்தாள், அடித்துவிட்டுச் சரியா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தேன். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். பிறகு பஸ்காரர், பிறகு அந்த அண்ணன் தம்பி, பிறகு யார் எவர் என்றில்லை, ஒருத்தி 'திருடி, ஸ்வரத்தைக் குடுத்துட்டுப் போடி' என்று கூவினாள். அப்போதுதான் உன் மாமா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது. அவன் கத்தியது எங்களைப் பார்த்து. 'வாயை மூடுங்கடா கழுதைங்களா, அவ பாடினதுதான்டா பாட்டு' என்றான், இன்னும் நிறைய சொன்னான், அதையெல்லாம் எழுத முடியாது. கீழே மேடையில் உனக்கு அந்த இரைச்சலில் சொல் எதுவும் கேட்டிருக்காது, குரல் மட்டும் கேட்டிருக்கும். நீ நிமிர்ந்து பார்த்தாய். கேலரியில் எழுந்து நின்றவன் அவன் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். ஆட்டம் முடிந்து உன் அறைக்கு அவன் ஓடிவந்தபோது 'மூஞ்சியில முழிக்காதீங்க' என்று கதவைச் சாத்தினாய். எனக்குத் திறந்தாய். ஒப்பனையைத் துடைத்துக்கொண்டே, அவங்ககிட்ட சொன்னீங்களாப்பா என்று கேட்டாய். சொன்னேன், கேட்கவில்லை என்றேன். மாமாதான் கிளப்பிவிட்டாரா என்று கேட்டாய். கேலரியில் யார் என்ன செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றேன். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, இத்தனை வருடம் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். முதல் பதில் முழுப்பொய். அது எனக்கு எப்போதும் தெரியும். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். அந்த நேரத்தில் நீ என்னிடம்தான் வந்தாய், அவனிடம் போகவில்லை என்று ஒரு ஓரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் எழுதி என்ன பயன். மார்ச்சில் நீ கப்பலேறினாய். அதற்குப் பிறகு நீ பாடவில்லை, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, குழந்தைக்குத் தாலாட்டுக்கூட அவன் அப்பாதான் பாடுகிறார் என்று அம்மாவுக்கு எழுதினாய்.

அந்த வாரமே மாமாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஸெலிந்தா வீட்டுக் குழாயும் அவன்தான் பார்க்கிறவன், ஏறாதவளுக்குச் சீட்டியடிக்கத்தானே வாத்தியார் சொல்லிக்கொடுத்தார், படிக்கட்டில்கூட வேறொன்றும் சொல்லவில்லையே என்று அவள் வெள்ளையாகச் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எனக்காக நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். 'ஒரு வார்த்தை வாத்தியாரே. ஒரே ஒரு வார்த்தை. நாள் முழுக்கப் பேசிச் சம்பளம் வாங்குற வாய்தானே, அன்னிக்கு மட்டும் எங்க அடகு வெச்சிருந்த?' என்றான். 'என்னைத்தான் திட்டுறா. திட்டட்டும். பொண்ணுக்கு மாமன் இல்லாம இருந்துடலாம், அப்பன் இல்லாம இருக்க முடியாது. நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லணும். நீயாச் சொல்லணும்' என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். சொன்னபடி ஒருவரிடமும் சொல்லவில்லை, கூடப்பிறந்த தங்கை உன் அம்மாவிடம்கூட இல்லை. உனக்கு எழுதிய கடிதங்களிலும் எழுதியிருக்க மாட்டான், நீதான் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாயே, பிரித்திருந்தாலும் அதில் மழை, குழாய், அம்மா முழங்கால் இதுதான் இருந்திருக்கும். வருடா வருடம் கிறிஸ்துமஸ் அன்று இறைச்சி அடைத்துச் சாற்றில் போட்ட அனொலினியை எங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வாசல் வரைக்கும் நான் கோட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, 'சொல்லிட்டியா?' என்று கேட்பான். இன்னும் இல்லை என்பேன். அவ்வளவுதான். அந்தப் பெருந்தன்மைக்காகவும் அவன்மேல் எனக்குக் கோபம் உண்டு, நான் இப்படித்தான் என்பது உனக்குத் தெரியும்.

இத்தனை நாள் எழுதாதவன் இன்று ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். வகுப்பை இப்போது நான் எடுப்பதில்லை, ஸெலிந்தா எடுக்கிறாள், கேலரியில் இன்று அவளை மிஞ்சிய காது கிடையாது. போன வியாழக்கிழமை என்னையும் வந்து உட்காரச் சொல்லிக் கூப்பிட்டாள். பதினோரு பேர் வந்திருந்தார்கள். கேலரி என்றால் என்ன என்று சொல்ல வந்தவள் என்னைக் கைகாட்டினாள். 'இதோ உட்கார்ந்திருக்காரே, இவரு பொண்ணு இதே ஊர்ல பாடினா. ஸ்வரத்தை விட்டுட்டா. நான் சீட்டியடிச்சேன், எனக்கு அப்ப அது இவரு பொண்ணுன்னே தெரியாது. இவரு என்னைத் தடுத்தாரா? கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. சொந்தப் பொண்ணுன்னுகூடப் பார்க்காம நியாயத்துக்கு நின்ன மனுஷன். கேலரின்னா அதுதான்' என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். இந்தக் கதை இந்த ஊரில் புதிதில்லை மகளே. ஒன்பது வருடமாகச் சொல்கிறார்கள், ஒயின் கடையில் எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள், சங்கத்தில் மாமாவுக்கு அடுத்த நாற்காலி எனக்குக் கிடைத்ததும் இதனால்தான். நானும் தலையைக் குனிந்துகொண்டு கைதட்டலை வாங்கிக்கொள்வேன், அன்றும் வாங்கிக்கொண்டேன். அப்போது வந்தவர்களில் ஒருவர், ரொட்டி சுடுகிறவர், ஐம்பது வயது இருக்கும், ஓபரா என்றால் ஒன்றும் தெரியாது, மனைவி போன பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை என்று வந்தவராம், அவர் மட்டும் தட்டவில்லை. பரீட்சையில் கேட்பதுபோல் கையைத் தூக்கி, 'அந்தப் பொண்ணு இப்போ எங்கங்க பாடுது?' என்று கேட்டார்.

ஒருவரும் அதை இதுவரை கேட்டதில்லை. ஸெலிந்தாவுக்கும் தெரியவில்லை, என்னைப் பார்த்தாள். பாடுவதில்லை என்றேன். 'ஐயோ, ஏங்க?' என்றார் அவர். பதில் சொல்ல எழுந்தேன், அந்த ஸ்வரம் புத்தகத்தில் இல்லை என்றேன், அவ்வளவுதான் வந்தது. ஸெலிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. 'எந்த ஸ்வரம் வாத்தியாரே?' என்றாள். அது எப்போதுமே புத்தகத்தில் இல்லை, எனக்கு அது உங்கள் வகுப்பு முடிவதற்கு முன்பே தெரியும் என்றேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் தன் இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானே செஞ்சேன்' என்றாள். திட்டியிருக்கலாம், திட்டவில்லை. நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பகல் அம்மாவிடம் சொன்னேன். அனொலினி செய்ய மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதை நிறுத்தாமல் கேட்டாள். நான் முடித்ததும் கையைக் கழுவினாள், மாவை ஈரத்துணி போட்டு மூடினாள், 'எங்கண்ணன் இத்தனை வருஷம் நம்ம மேசையில உட்கார்ந்து சாப்பிட்டான், லெயார்கோ. உன் எதிர்ல உட்கார்ந்து' என்று மட்டும் சொன்னாள். ஒரு பையில் இரண்டு உடுப்பை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி அவன் வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கேயேதான் இருக்கிறாள். நேற்று நானும் போனேன். கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா தலையணையில் சாய்ந்து கிடந்தான், என்னைப் பார்த்ததும் அவன் பார்வை அந்தக் கேள்வியைத்தான் கேட்டது, வாய் இல்லாவிட்டால் என்ன. இன்னும் இல்லை, நாளைக்கு எழுதுகிறேன் என்றேன். நல்ல கையைத் தூக்கிப் போர்வையில் இரண்டு தடவை தட்டினான். அது சீக்கிரம் என்பதா சரி என்பதா எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கடிதம் உன்னிடம் வர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வந்த அன்றே மாமா வீட்டு எண்ணுக்குப் போன் பண்ணு, அம்மா எடுத்து அவன் காதில் வைப்பாள். இங்கே காலை பத்து மணிக்கு மேல் என்றால் அவன் முழித்திருப்பான், அங்கே அப்போது விடிகிற நேரம், கொஞ்சம் சிரமம்தான், அலாரம் வைத்துக்கொள். அவனால் பதில் பேச முடியாது, மூச்சுச் சத்தம்தான் கேட்கும், அதைக் கேட்டுப் பயந்து வைத்துவிடாதே, தொடர்ந்து பேசு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் குழந்தையைப் பற்றிப் பேசு. பாடச் சொல்லி உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை, கேட்கவும் இல்லை. பேசினால் போதும். நானே உனக்குப் போனில் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அப்பா என்று கூப்பிட்டுவிட்டால் மறுபடியும் எதையாவது மழுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. லிசாந்த்ரோவுக்கு மேல் பல் விழுந்துவிட்டதாக எழுதியிருந்தாய், புதுப் பல் முளைக்கும்போது நாக்கால் தள்ளாமல் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பு, உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவரிடம் நான் கடைசி வரை நன்றாகப் பேசவில்லை, அதற்கும் சேர்த்து. நீ உடம்பும் மனசும் நன்றாக இருந்து நெடுங்காலம் வாழ வேண்டும், உன் வீட்டில் சத்தம் நிறைந்து இருக்க வேண்டும். இன்னொரு தடவை நினைவுபடுத்துகிறேன், நாளைக்கு என்று தள்ளாதே, டாக்டர் சொன்னது கார்னிவல் வரைக்கும்தான், அதுவும் டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

கையெழுத்துப் போடும் இடம் வந்துவிட்டது. இரண்டு தடவை பேனாவை வைத்து எடுத்துவிட்டேன். உன் அப்பா என்று எழுதினால் நீ அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும், மன்னிக்க வேண்டும், இல்லையென்றால் திட்ட வேண்டும், உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுத வேண்டும், அதற்குள் இங்கே மாமா போய்விடுவான். எனக்கு நீ எதுவும் செய்ய வேண்டாம். மாமாவுக்குப் போன் பண்ணுவதற்கு என் பெயர் தேவையில்லை. கையெழுத்தில்லாமலே இதை ஒட்டி, பனி விலகினாலும் விலகாவிட்டாலும், நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடப் போகிறேன்.